காட்டுத்தீக்குப் பிறகு விதைப்பதா, மூடுவதா? எரிந்த நிலம் வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

2020ஆம் ஆண்டு கொலராடோவில் எரிந்த கேமரன் பீக் தீ 2,08,913 ஏக்கரைக் கரியாக்கியது. அந்த மாநிலத்தில் பதிவான காட்டுத்தீகளில் அதுதான் மிகப் பெரியது. மலையடிவாரத்தில் ஐந்து, பத்து ஏக்கர் வாங்கி வீடு கட்டியிருக்கும் நம்மவர்கள் பலர் அதன் பிறகுதான் மண் அரிப்பு, களை, விதைப்பு என்று பேசத் தொடங்கினார்கள். எரிந்த சரிவுகளில் தன்னார்வலர்களோடு வைக்கோல் பரப்பப் போன அனுபவத்தில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இவை ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவுக்கு உரியவை. வேறு நிலப்பகுதிகளைப் பற்றிப் பேசும்போது பெயர் சொல்லியே பேசுகிறேன்.

தீ அணைந்துவிட்டது. உடனே விதை வாங்கித் தூவிவிடலாமா?

பொறுங்கள். முதலில் ஒரு மண்வெட்டியோடு நிலத்தை நடந்து பாருங்கள். ஒரே தீயில் ஒரே நிலம் பத்து விதமாக எரிந்திருக்கும்.

கருகிய புல்லின் தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பிடி விடாமல் நின்று, அடித்தண்டைக் கீறினால் வெளிறிய பச்சை தெரிந்தால் அந்தப் புல் உயிரோடு இருக்கிறது. சாம்பலை ஒதுக்கி ஒரு விரற்கடை ஆழம் மண்ணைக் கிளறுங்கள். மயிரிழை போன்ற நுண்வேர்கள் அப்படியே இருந்தால் அங்கே தீ மேலோடு போயிருக்கிறது. அந்த இடத்தைத் தொடாதீர்கள், விதைக்கவும் வேண்டாம். அடுத்த கோடையில் அதுவே துளிர்க்கும். நீங்கள் தூவும் விதை அந்தத் துளிருக்குப் போட்டியாகத்தான் வரும்.

சாம்பல் கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தடித்துக் கிடக்கிறது, அடியில் மண் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கிறது, வேர் ஒன்றுகூட இல்லாமல் பொடியாக உதிர்கிறது என்றால் அதுதான் கடுமையாக எரிந்த இடம். உங்கள் பணமும் உழைப்பும் போக வேண்டியது அங்கேதான். நடக்கும்போது கவனம்: வேர் எரிந்து போன குழிகள் சாம்பலால் மூடியிருக்கும், கால் முழங்கால் வரை இறங்கிவிடும். கருகிய மரங்கள் நிற்கும் இடத்துக்குக் காற்றடிக்கும் நாளில் போகவே கூடாது.

மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடுகிறதே, ஏன்?

மரத்தழையிலும் சருகிலும் உள்ள மெழுகு போன்ற பொருள்கள் தீயில் ஆவியாகின்றன. அந்த ஆவியில் ஒரு பகுதி கீழே இறங்கி, குளிர்ந்த மண்ணில் பட்டு, மணல் துகள்களின் மேல் படிந்துவிடுகிறது. எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் உருள்வது போல அந்த அடுக்கின் மேல் மழைநீர் உருண்டு ஓடுகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்ணின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது முத்தாக நின்றால் எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பத்து நொடிக்குள் உறிஞ்சினால் பெரிய சிக்கல் இல்லை. நாற்பது நொடியைத் தாண்டியும் முத்து கரையாமல் நின்றால் நீர் விலக்கும் தன்மை கடுமையாக இருக்கிறது. மேற்பரப்பில் உறிஞ்சினாலும் நம்பிவிடாதீர்கள். ஓர் அங்குலம் தோண்டி அங்கேயும், இன்னோர் அங்குலம் தோண்டி அங்கேயும் சொட்டு விடுங்கள். பல நேரம் அந்த அடுக்கு உள்ளேதான் ஒளிந்திருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அது தானாகவே உடைந்துவிடும். சமதளமாகவோ மிதமான சரிவாகவோ இருந்தால், அடுக்கு உடையும் ஆழத்துக்குக் களைக்கொத்தால் கிளறிவிடலாம். செங்குத்துச் சரிவில் கிளறினால் அரிப்பைக் கூட்டுவதாகத்தான் முடியும்.

அரிப்பு உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தானதா?

1996 மே மாதம் டென்வருக்குத் தென்மேற்கே பஃபலோ கிரீக் தீ ஏறக்குறைய 12,000 ஏக்கரை எரித்தது. இரண்டே மாதத்தில், ஜூலை 12 அன்று, அந்தச் சரிவுகளில் கொட்டிய மழை இருவரின் உயிரைப் பறித்தது. மலையிலிருந்து வந்த வண்டல் டென்வர் நகருக்குக் குடிநீர் தரும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் போய்ப் படிந்தது. 2002இல் அதே ஆற்றுப் படுகையில் ஹேமன் தீ. இவ்விரண்டு தீகளின் விளைவுகளைச் சரிசெய்ய டென்வர் குடிநீர் நிறுவனம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது.

கேமரன் பீக் எரிந்த மறு ஆண்டு, 2021 ஜூலை 20 அன்று, பிளாக் ஹாலோ ஓடையில் இறங்கிய சேற்று வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்று நான்கு பேரைக் கொன்றது. கலிபோர்னியாவின் மான்டெசிட்டோவில் 2018 ஜனவரி 9 அன்று சேறும் பாறையும் உருண்டு 23 பேர் மாண்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மேலே இருந்த மலை தாமஸ் தீயில் எரிந்திருந்தது.

இங்கே நாள் முழுக்கப் பெய்யும் தூறலால் பெரிய ஆபத்தில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதப் பிற்பகல் இடிமழைதான் எமன். கடுமையாக எரிந்த செங்குத்துச் சரிவில் ஒரு மணி நேரத்துக்குள் அரை அங்குலம் கொட்டினாலே போதும். உங்கள் வீடு எரியாமல் தப்பியிருந்தாலும் மேலே உள்ள சரிவு எரிந்திருந்தால் வெள்ளக் காப்பீட்டைப் பற்றி இன்றே விசாரியுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஈடு தராது. புதிய வெள்ளக் காப்பீடு நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும்.

விதைத்தால் அரிப்பு நின்றுவிடாதா?

முதல் ஆண்டில் பெரும்பாலும் நிற்காது. நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனென்றால் எல்லோரும் விதைப் பையோடுதான் தொடங்குகிறார்கள்.

விதை முளைத்து, வேர் பிடித்து, மண்ணை மூட ஒரு பருவமாவது வேண்டும். மண்ணை வாரிச் செல்லும் மழையோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த மழையில் விதையும் சாம்பலோடு சேர்ந்து ஓடைக்குப் போய்விடுகிறது. 2000ஆம் ஆண்டு லவ்லாண்ட் ஊருக்கு மேற்கே எரிந்த பாப்கேட் தீயின் சரிவுகளில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மண்ணை அளந்தார்கள். மண்ணின் மேல் வைக்கோல் பரப்பி மூடிய, அதாவது வைக்கோல் மூடாக்கு போட்ட, சரிவுகளில் பின்வந்த ஆண்டுகளின் அரிப்பு 95 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. விதை மட்டும் தூவிய சரிவுகளுக்கும் ஒன்றுமே செய்யாத சரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே முதல் ஆண்டு மண்ணைக் காப்பது மூடாக்கு. விதையின் வேலை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் களைக்கு இடம் கொடுக்காமல் இருப்பது. இரண்டுக்கும் தனித்தனி வேலை என்று புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

மூடாக்கு எப்படிப் போடுவது?

ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு டன் வைக்கோல் போகும். கட்டைப் பிரித்து, உதறி, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் பரப்ப வேண்டும். நேர் மேலே நின்று பார்த்தால் பத்தில் ஆறு, ஏழு பங்கு மண் மூடியிருக்க வேண்டும். மீதி இடைவெளியில் மண் தெரியட்டும். மெத்தை போலத் திணித்தால் அடியில் எந்த விதையும் தலை தூக்காது. கையால் உதறும்போது ஒரு சூட்சுமம் உண்டு: காற்றுக்கு முதுகு காட்டி, சரிவின் மேலிருந்து கீழே வர வேண்டும். கீழிருந்து ஏறினால் போட்டதையெல்லாம் நாமே மிதித்துச் சரித்துவிடுவோம்.

வைக்கோலின் எதிரி காற்று. முகட்டிலும் திறந்த வெளியிலும் அது பறந்து பள்ளத்தில் குவிந்துவிடும். அத்தகைய இடங்களுக்கு மரச்சீவல் மூடாக்கு நல்லது. கனமானது, நீண்ட நாள் நிற்கும், களை விதைக் கவலை மிகக் குறைவு. விலைதான் அதிகம். கேமரன் பீக் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து மரத்துண்டு மூடாக்கைத்தான் கொட்டினார்கள். உங்கள் நிலத்தில் கருகி நிற்கும் சிறு மரங்களை வெட்டி இயந்திரத்தில் துருவ முடிந்தால், மூடாக்கு உங்கள் காலடியிலேயே இருக்கிறது.

சம உயரக் கோட்டில் கிடத்தும் வைக்கோல் உருளைகளும் மரத்தண்டுகளும் துணை புரியும். ஆனால் அவற்றைச் சரியாகப் பதிக்க வேண்டும். மூன்று அங்குலம் பள்ளம் தோண்டி, உருளையைப் பதித்து, முளையடித்து, மேல்பக்கம் மண் அணைக்க வேண்டும். அடியில் விரல் நுழையும் சந்து இருந்தாலும் தண்ணீர் அங்கேயே கூடிப் பாய்ந்து வாய்க்கால் வெட்டிவிடும். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் நடந்திருக்கும் சேதத்தைவிட அது பெரிய சேதம். பிளாஸ்டிக் வலை சுற்றிய உருளை வேண்டாம், பாம்புகள் சிக்கிச் சாகின்றன. சணல் வலை கிடைக்கிறது.

வைக்கோலிலேயே களை விதை வந்துவிடாதா?

வரும். எனக்கே வந்திருக்கிறது. முதல் முறை, விலை குறைவு என்று ஒரு கடையில் சான்று இல்லாத கட்டுகளை வாங்கி வீட்டுக்குப் பின்னால் பரப்பினேன். அடுத்த ஏப்ரலில் கட்டுகளைப் பிரித்த இடங்களில் மட்டும் வட்ட வட்டமாகச் சீட்கிராஸ் என்ற களைப்புல் எழுந்து நின்றது. சுற்றிலும் வேறெங்கும் இல்லை. அந்த வட்டங்களைக் கையால் பிடுங்க மூன்று வசந்த காலம் ஆயிற்று.

‘களையற்றது’ என்று சான்று பெற்ற வைக்கோலை மட்டும் வாங்குங்கள். உலர்புல் கட்டு வாங்கவே வேண்டாம். உலர்புல் என்பது கதிரோடு அறுத்தது, வைக்கோல் என்பது கதிரடித்த பின் மிஞ்சியது. விதைப் பைக்கும் இதே எச்சரிக்கை. 2000ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவில் செர்ரோ கிராண்டே தீக்குப் பிறகு வானிலிருந்து தூவிய விதைக் கலவையிலேயே சீட்கிராஸ் கலந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. களையைத் தடுக்கப் போனவர்கள் கையாலேயே களை மலையேறியது.

சீட்கிராஸ் என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

பெயரிலேயே ‘ஏமாற்று’ இருக்கும் ஓராண்டுப் புல். ஐரோப்பா, மேற்காசியப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கு வந்தது. மற்ற புற்கள் உறங்கப் போகும் இலையுதிர் காலத்தில் இது முளைக்கிறது. பனிக்காலம் முழுக்க மெல்ல வேர் இறக்கி, வசந்தத்தின் ஈரத்தை முதல் ஆளாகக் குடித்துவிடுகிறது. மே மாதத்தில் கதிர் ஊதாவாகிறது. ஜூன் கடைசிக்குள் காய்ந்து வெளிறி, தீக்குச்சி போல நிற்கிறது. தீ வந்தால் மற்ற செடிகள் சாகும், இதன் விதையோ மண்ணில் தப்பிவிடும். முன்பு பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்த நெவாடா, ஐடஹோ புதர்வெளிகளில் சில இடங்கள் ஐந்தாண்டுக்குள்ளேயே மீண்டும் எரிவதற்கு இந்தப் புல்தான் முதல் காரணம்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இதன் விதை மண்ணில் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஊதா நிறம் ஏறும் முன்பே, மூன்று ஆண்டுகள் விடாமல் பிடுங்கினால் சிறிய திட்டு ஒழிந்துவிடும். பெரிய பரப்பென்றால் உங்கள் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) களை அலுவலகத்தைக் கேளுங்கள். முளைப்பைத் தடுக்கும் களைக்கொல்லிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் நீங்கள் விதைத்ததும் முளைக்காமல் போகும். தெளிப்பா, விதைப்பா, எது முதலில் என்று அவர்களோடு பேசி முடிவெடுங்கள்.

வேறு களைகள்?

முல்லெய்ன் என்ற உயரமான, கம்பளி இலைச் செடி எரிந்த நிலமெங்கும் எழும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மற்ற செடிகள் நெருங்கியதும் அது தானே பின்வாங்கும், கடைசியாகக் கவனித்தால் போதும். மஸ்க் திஸில் முள்செடியைப் பூக்கும் முன் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். பூத்துவிட்டால் பூந்தலைகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், வெட்டிப் போட்ட தலையிலும் விதை முற்றும். கனடா திஸில் நேர் எதிர்: வேரோடு படரும் இனம் என்பதால் பிடுங்கப் பிடுங்கப் பெருகும்.

எந்த விதை வாங்குவது? பைச் சீட்டில் எதைப் பார்ப்பது?

இந்த மலைகளுக்கே உரிய புற்கள்: வெஸ்டர்ன் வீட்கிராஸ், ஸ்லெண்டர் வீட்கிராஸ், மவுண்டன் புரோம், கிரீன் நீடில்கிராஸ், தாழ்வான வெயில் சரிவுகளுக்கு புளூ கிராமா. ஸ்லெண்டர் வீட்கிராஸ் விரைவாக முளைத்து, சில ஆண்டுகளில் ஓய்ந்து மற்றவற்றுக்கு வழிவிடும். வெஸ்டர்ன் வீட்கிராஸ் மெதுவாக வந்து தரைகீழ்த் தண்டால் மண்ணைப் பின்னிப் பிடிக்கும். ஸ்மூத் புரோம், கிரெஸ்டட் வீட்கிராஸ் இரண்டும் மலிவாகக் கிடைக்கும், ஒருமுறை நுழைந்தால் உள்ளூர்ச் செடிகளை உள்ளே விடாது. ‘காட்டுப்பூக் கலவை’ என்று படம் போட்ட பொட்டலங்களும் வேண்டாம். அவற்றில் கொலராடோ களைப் பட்டியலில் உள்ள ஆக்ஸ்ஐ டெய்சி கலந்திருப்பதுண்டு.

பைச் சீட்டில் இரண்டு எண்களைப் பாருங்கள்: புறத்தூய்மை, முளைப்புத்திறன். தூய்மை 90 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் என்றால் பெருக்கினால் 72 சதவீதம்தான் உயிர்விதை. பத்து கிலோ உயிர்விதை வேண்டுமென்றால் ஏறக்குறைய 14 கிலோ வாங்க வேண்டும். எடையை வைத்தும் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு பவுண்டு வெஸ்டர்ன் வீட்கிராஸில் ஏறக்குறைய 1.1 லட்சம் விதைகள், அதே எடை புளூ கிராமாவில் ஏழு லட்சம். சதுர அடிக்கு 60 விதை என்று கையால் தூவ, முதலாவது தனியாக என்றால் ஏக்கருக்கு 11 கிலோ, இரண்டாவது தனியாக என்றால் இரண்டு கிலோவுக்கும் குறைவு.

எப்போது, எப்படி விதைப்பது?

நல்ல காலம் இரண்டு. ஒன்று, தீ அணைந்த உடனே, மழை பட்டுச் சாம்பல் பொருக்குத் தட்டும் முன்பு. அப்போது சாம்பலே விதையை மூடிக்கொள்ளும். இரண்டு, நவம்பர் முதல் மார்ச் வரை. மண் குளிர்ந்திருப்பதால் விதை முளைக்காமல் உறங்கி, பனி உருகும் ஈரத்தில் எழும். புளூ கிராமா போன்ற கோடைப் புல்லுக்கு மட்டும் வசந்தத்தின் கடைசிப் பகுதி ஏற்றது.

பாதி விதையைக் குறுக்காகவும் பாதியை நெடுக்காகவும் வீசுங்கள், விட்டுப்போன இடம் இருக்காது. சிறு விதைகளோடு ஈர மணல் கலந்தால் கை ஒரே சீராக வீசும். பிறகு இரும்பு வாரியால், சரிவுக்குக் குறுக்கே, கால் முதல் அரை அங்குலம் மண் மூடும்படி வாரிவிடுங்கள். மேலிருந்து கீழாக வாரினால் ஒவ்வொரு பல்தடமும் ஒரு குட்டி வாய்க்கால். மூடாக்கு கடைசியில்.

பார்லி, கோதுமை, ரைபுல் தூவி விரைவாகப் பச்சையாக்கினால் என்ன?

பச்சை தெரிந்தால் மனம் ஆறுகிறது, அது எனக்கும் புரிகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகள் எரிந்த மலைகளில் இத்தாலிய ரைபுல்லைத் தூவினார்கள். அங்குள்ள புதர்க்காட்டின் விதைகள் பல, தீயின் சூடும் புகையும் பட்டால்தான் முளைக்கும். ரைபுல் அடர்ந்த இடத்தில் அந்த நாற்றுகள் நசுங்கின, ரைபுல்லோ கோடையில் காய்ந்து அடுத்த தீக்கு விறகானது. சியரா நெவாடாவில் 2001இல் எரிந்த ஒரு காட்டில் கோதுமை தூவியபோது முதல் ஆண்டு அடர்த்தியான பயிர் நின்றது. ஆனால் உள்ளூர்ச் செடி வகைகளும் பைன் நாற்றுகளும் குறைந்துபோயின. நன்றாக வளர்ந்தால் இயற்கையை நெருக்கும், வளராவிட்டால் மண்ணைக் காக்காது. வீட்டு வழியோரம், மண் வெட்டிய கரை போன்ற சிறு இடங்களுக்கு மட்டும் மலட்டுக் கலப்பினத் தானியத்தைப் பயன்படுத்தலாம்.

உரம், தண்ணீர்?

இரண்டும் வேண்டாம். தீ ஏற்கெனவே தழைச்சத்தை விடுவித்திருக்கிறது. மேலும் போட்டால் முதலில் கொழுப்பது சீட்கிராஸ்.

குதிரை, ஆடு மேய விடலாமா?

இரண்டு வளர்பருவங்கள் முழுதாகப் பொறுங்கள்.

அப்படியென்றால் பெரிய அளவில் விதைப்பதே வீணா?

இல்லை, நிலத்தைப் பொறுத்தது. ஐடஹோ, ஆரிகன் எல்லையில் 2015இல் எரிந்த சோடா தீயின் பரப்பு ஏறக்குறைய 2,80,000 ஏக்கர். அந்த வறண்ட புதர்வெளியின் உயிர்நாடி சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடி. எரிந்தால் அது அடியிலிருந்து துளிர்க்காது, விதையும் தாய்ச்செடியை விட்டுச் சில அடிகளுக்கு அப்பால் அதிகம் போகாது. சும்மா விட்டால் அவ்வளவும் சீட்கிராஸ் கையில் போய்விடும். அதனால் அங்கே நில மேலாண்மைத் துறை களைக்கொல்லி, விதைப்பு இயந்திரம், விமானம் எல்லாவற்றையும் களமிறக்கியது. சேஜ்பிரஷ் விதை தூசி போன்றது, அதை மண்ணில் புதைக்கக் கூடாது, பனிக்காலத்தில் மேலாகத் தூவ வேண்டும். அப்படியும் தாழ்வான, மழை குறைந்த இடங்களில் தோல்விகள் அதிகம்.

மரங்கள் தானாக வருமா?

ஆஸ்பென் அடுத்த கோடையிலேயே வேரிலிருந்து எழும். லாட்ஜ்போல் பைனின் கூம்புகள் பல, சூட்டில்தான் திறக்கும். பாண்டரோசா பைனுக்குத்தான் நம் கை தேவை. அது துளிர்க்காது, விதை கனமானது, உயிருள்ள தாய்மரம் பக்கத்தில் இருந்தால்தான் நாற்று வரும். ஹேமன் தீயின் நடுப்பகுதியில் இருபது ஆண்டுக்குப் பிறகும் பைன் இல்லாத பெரிய வெளிகள் கிடக்கின்றன. மாநில வனத்துறை நாற்றங்காலில் கன்று கிடைக்கும். விழுந்த தண்டின் வடக்கு நிழலில் நடுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது?

தீக்குப் பிறகு வரும் மத்திய அரசின் அவசரச் சீரமைப்புக் குழுக்கள் அரசு நிலத்துக்கு மட்டுமே. தனியார் நிலத்துக்கு இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்ற மத்திய அரசு அமைப்பு உண்டு. அதன் அவசர நீர்ப்பிடிப்புத் திட்டத்துக்குக் கவுண்டியோ வேறு உள்ளாட்சி அமைப்போ முன்நின்று விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே அண்டை வீட்டாரோடு சேர்ந்து கவுண்டியிடம் போங்கள். வீடோ கொட்டகையோ எரிந்த இடத்துச் சாம்பலில் ஈயமும் கல்நாரும் இருக்கலாம். அதை முறைப்படி அகற்றிய பிறகே அங்கே விதைப்பு.

வேலை பலித்ததா என்று எப்போது தெரியும்?

முதல் கோடையில் எண்ணாதீர்கள், மனம் உடைந்துவிடும். உள்ளூர்ப் புற்கள் முதல் ஆண்டு கீழேதான் வளரும், மேலே நூல் போல இரண்டு இலை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்றாவது ஆண்டு ஜூன் மாதம், மண்டியிட்டு, ஒரு புல் தூரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். இலை அறுந்து கையோடு வந்து, தூர் மண்ணிலேயே நின்றால் வேர் பிடித்துவிட்டது.